ஹோல்சேல் வசதி மக்கர் செய்யும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஈரோட்டு ஜவுளிக் கடைகளுக்கும் ஆன்லைன் கடை அமைத்துக் கொடுப்பது என் வேலை. போனில் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, ஹோல்சேல் ரேட் சரியா வரலீங்க." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஏழெட்டு விதமான கோளாறுகள் இருக்கும். சிலவற்றில் செட்டிங்கில் ஒரு டிக் விட்டுப் போயிருக்கும். சில, அந்த மென்பொருளாலேயே முடியாதவை. இது எந்த வகை என்று பிரித்துப் பார்க்காமல் பிளக்கின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) மேல் பிளக்கினாக வாங்கிப் போட்டுப் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் மேல் ஓடுவது) போன்ற ஆன்லைன் கடைத் தளங்கள் எல்லாம் சில்லறைக் கடைக்காக உருவானவை. மொத்த வியாபார வசதி பிறகு சேர்த்தது. ஷாப்பிஃபையில் கம்பெனி (வாங்கும் நிறுவனம்), லொக்கேஷன் (அதன் கிளை), கேட்டலாக் (அதற்கான பொருள், விலைப் பட்டியல்) என்று இப்போது நாம் பார்க்கும் ஏற்பாடு 2022-ல்தான் வந்தது, அதுவும் முதலில் பிளஸ் என்ற உயர்நிலைத் திட்டத்துக்கு மட்டும். அதற்கு முன்பிருந்த தனி ஹோல்சேல் சேனலை 2024 ஏப்ரல் 30-ல் மூடிவிட்டார்கள். வூகாமர்ஸில் அடிப்படையாக இருப்பது இரண்டே விலைக் கட்டங்கள்: வழக்கமான விலை, தள்ளுபடி விலை. மொத்த விலை என்று ஒன்று வேண்டுமானால் பிளக்கின்தான் போட வேண்டும். ஆக, எந்தத் தளமானாலும் அதற்கு விலை தெரியும், பார்ட்டியை, அதாவது மொத்தமாக வாங்கும் கடைக்காரரை, தெரியாது. செட் கணக்கு, கடன் நாள், லாரி வாடகை, வரி என்று பார்ட்டியோடு ஒட்டி வரும் எல்லாவற்றிலும் அது தடுமாறுவது இதனால்தான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு டெஸ்ட் பார்ட்டி கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் அட்மின் கணக்கிலேயே நின்றுகொண்டு விலையைப் பார்த்தால் எதுவும் புரியாது. ஒரு பிரவுசரில் டெஸ்ட் பார்ட்டி, இன்னொன்றில் லாகின் செய்யாத தனிப்பட்ட சாளரம், மூன்றாவதில் அட்மின். கீழே உள்ள எல்லாச் சோதனைகளுக்கும் இந்த மூன்றும் திறந்தே இருக்கட்டும்.

பார்ட்டி உள்ளே நுழைந்தும் சில்லறை விலையே தெரிகிறது

அவர் உண்மையிலேயே உள்ளே நுழைந்தாரா, எந்த மெயிலில் நுழைந்தார் என்று முதலில் கேளுங்கள். ஷாப்பிஃபையின் மொத்த வியாபார வசதி புதிய வகை வாடிக்கையாளர் கணக்கோடுதான் வேலை செய்யும். அதில் பாஸ்வேர்டு கிடையாது, மெயிலுக்கு ஆறு இலக்க எண் வரும். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு இரண்டு வாரமாக ரேட் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் கொடுத்திருந்த மெயில் ஆடிட்டர் ஆபீஸுடையது. எண் ஒவ்வொரு முறையும் அங்கே போய் விழுந்துகொண்டிருந்தது. இவர் லாகின் பக்கத்தை மூடிவிட்டு நேராகக் கடைக்குள் வந்து, சில்லறை விலையைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகனின் மெயிலை மாற்றிப் போட்டோம், அன்றே முதல் ஆர்டர் வந்தது. நம் ஊர்க் கடைக்காரர்களில் பலர் மெயிலைத் திறப்பதே இல்லை. பார்ட்டியைச் சேர்க்கும்போதே "இந்த மெயில் உங்க போன்ல வருதுங்களா" என்று கேட்டு, பக்கத்தில் நின்று ஒருமுறை நுழைய வைத்துவிடுங்கள்.

மெயில் சரி என்றால் அடுத்து லொக்கேஷன். அந்த ஆளைக் கம்பெனியில் சேர்த்திருப்பீர்கள், லொக்கேஷனில் ஆர்டர் போடும் அனுமதி கொடுத்திருக்க மாட்டீர்கள். அனுமதியும் இருக்கிறதா? அப்படியானால் லொக்கேஷனுக்குக் கேட்டலாக் இணைத்திருக்கிறதா பாருங்கள். கேட்டலாக் எதுவும் இணைக்காவிட்டால் பிழைச் செய்தி வராது. எல்லாப் பொருளையும் கடையின் வழக்கமான விலையில் காட்டிவிட்டு அமைதியாக இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. ஒரு பார்ட்டிக்கு மட்டும், போட்ட விலையைவிடக் குறைவாகத் தெரியும். ஒரே லொக்கேஷனுக்கு இரண்டு கேட்டலாக் இருந்து, இரண்டிலும் அந்தப் பொருள் இருந்தால், எது குறைவோ அந்த விலைதான் வரும். போன வருடம் ஸ்டாக் காலி செய்யப் போட்ட பழைய கேட்டலாக்கை எடுக்க மறந்திருப்பீர்கள். தேடிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

வூகாமர்ஸில் பார்க்க வேண்டியது ரோல், அதாவது கணக்கு எந்த வகை என்பது. பிளக்கின் "ஹோல்சேல் கஸ்டமர்" என்று ஒரு ரோலை உருவாக்கும். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த பார்ட்டிகள் சாதாரண கஸ்டமர் ரோலிலேயே இருப்பார்கள், ஒவ்வொருவராக மாற்ற வேண்டும். ரோலும் சரி, ஆனால் எக்ஸ்எல்லுக்கு மட்டும் சில்லறை விலை வருகிறது என்றால் காரணம் வேறு. சைஸ், கலர் உள்ள பொருளில் விலை ஒவ்வொரு வேரியேஷனிலும் தனித்தனியாக உட்காரும். பிறகு சேர்த்த எக்ஸ்எல்லில் மொத்த விலைக் கட்டம் காலியாக இருக்கும், அதனால் சில்லறை விலைக்குப் போய்விடுகிறது.

லாகின் செய்யாதவருக்கு மொத்த விலை தெரிகிறது

இந்தப் பட்டியலிலேயே நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மற்ற கோளாறுகளில் பணம் போகும், திரும்ப வரும். இதில் போவது பார்ட்டியின் நம்பிக்கை.

நான் பார்த்துக்கொண்ட ஒரு கடையில் நடந்தது. வேகம் கூட்டுவதற்காக ஒரு கேஷ் பிளக்கின் (பக்கத்தின் பிரதியைச் சேமித்து வைத்துக் கொடுப்பது) போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பார்ட்டி நுழைந்து போலோ டீ-ஷர்ட் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தயாரான பக்கத்தை, மொத்த விலையோடு சேர்த்து, அந்த பிளக்கின் பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் அதே பிரதிதான். மதியத்துக்குள் ஒரு சில்லறை வாடிக்கையாளர் தன் ஊர்க் கடையில் போனை நீட்டி, "கம்பெனியிலேயே இந்த விலைக்குப் போட்டிருக்காங்க, நீங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரர் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டுப் பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. "நான் கடை வாடகை கட்டணும் அண்ணா" என்றார், அவ்வளவுதான். பதினோரு வருடப் பார்ட்டி. அவர் மறுபடி ஆர்டர் போட ஆறு மாதம் ஆனது.

கண்டுபிடிப்பது எளிது. தனிப்பட்ட சாளரத்தில் பொருளின் பக்கத்தைத் திறங்கள், விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கார்ட்டில் போடுங்கள். பக்கத்தில் குறைந்த விலை, கார்ட்டில் சரியான சில்லறை விலை என்றால் அது கேஷ்தான். கார்ட்டிலும் மொத்த விலையே வந்தால் கேஷைக் குறை சொல்லாதீர்கள். பிளக்கினில் "விருந்தினர்" ரோலுக்கோ எல்லோருக்குமோ விலை விதி போட்டிருக்கிறது. இன்னொரு சோதனையும் இருக்கிறது. பக்க முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு ஏதாவது ஓர் எழுத்து, சமக்குறி, ஓர் எண் சேர்த்துத் திறங்கள். பெரும்பாலான கேஷ்கள் இதைப் புதுப் பக்கம் என்று நினைத்துப் பழைய பிரதியைக் கொடுக்காது. விலை மாறினால் சந்தேகம் உறுதி.

கேஷைக் காலி செய்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று போய்விடாதீர்கள். அடுத்த பார்ட்டி நுழைந்ததும் மறுபடி நடக்கும். கேஷ் மூன்று அடுக்கில் இருக்கலாம்: பிளக்கின், ஹோஸ்டிங் சர்வர், நடுவில் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை. மூன்றிலும், லாகின் செய்தவருக்குப் பிரதி எடுக்கவும் கூடாது, பிரதியைக் கொடுக்கவும் கூடாது என்று விதி இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் லாகின் ஆனவரின் பிரவுசரில் "வேர்ட்பிரஸ் லாக்ட் இன்" என்று தொடங்கும் குக்கியை (சிறு அடையாளக் குறிப்பை) வைக்கும். அந்தக் குக்கி இருந்தால் கேஷைத் தாண்டிப் போ என்பதே அந்த விதி. கார்ட், செக்கவுட், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களையும் அடியோடு விலக்குங்கள். கிளவுட்ஃபிளேர் சாதாரணமாகப் படம், ஸ்டைல் கோப்புகளைத்தான் சேமிக்கும். பக்கத்தையும் சேமிக்கிறது என்றால் யாரோ "எல்லாவற்றையும் சேமி" என்று விதி போட்டிருக்கிறார்கள், அதைத் தேடிப் பிடியுங்கள்.

விதி போட்ட பிறகு டெஸ்ட் பார்ட்டியாக நுழைந்து ஐந்தாறு பக்கங்களைப் பாருங்கள். அதே பக்கங்களை வேறொரு போனில், வைஃபை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். இதை முடிக்காமல் யாருக்கும் ஹோல்சேல் லாகின் கொடுக்காதீர்கள்.

கேஷே இல்லாமல் கசியும் வழியும் ஒன்று உண்டு. தனி விலைக்குப் பதிலாக 40% கூப்பன் கோடு கொடுத்திருப்பீர்கள். அது இரண்டு நாளில் ஏதோ ஒரு வாட்ஸப் குழுவுக்குப் போய்விடும். கூப்பனை மொத்த விலையாகப் பயன்படுத்தவே வேண்டாம்.

தீபாவளி ஆஃபர் போட்டதும் மொத்த விலையும் இறங்கிவிட்டது

கேட்டலாக்கில் விலையைச் சதவீதமாக வைத்திருக்கிறீர்கள். சில்லறை விலை ரூ.399, பார்ட்டிக்கு 40% குறைவு, அதாவது ரூ.239.40. தீபாவளிக்குச் சில்லறை விலையை ரூ.299 ஆக்கினீர்கள். சதவீதம் இப்போது 299-இல் கணக்காகிறது, பார்ட்டிக்கு ரூ.179.40. அடக்கம் ரூ.190 என்றால் ஒவ்வொரு பீஸிலும் கையைச் சுடுகிறது. பண்டிகை நேரத்தில் பார்ட்டிகள்தான் அதிகம் எடுப்பார்கள் என்பதால் தெரிய வருவதற்குள் நஷ்டம் பெரிதாகிவிடும்.

இதற்குப் பயந்து நிலையான விலை வைத்தால் மறுபக்கம் இடிக்கும். பார்ட்டி விலை ரூ.239-இலேயே நிற்க, கழிவு விற்பனையில் சில்லறை ரூ.229-க்கு வந்திருக்கும். பார்ட்டி போன் போட்டு, "நான் வெளியே நின்னே வாங்கிக்கலாம் போலிருக்கே" என்பார். இதைத் தளம் கண்டுகொள்ளாது, எச்சரிக்கையும் தராது.

நான் சொல்வது நிலையான விலைதான். ஆஃபர் போடும் நாளுக்கு முன்னால் மொத்த விலைப் பட்டியலை எக்செலில் இறக்கி, ஆஃபர் விலையை பக்கத்துப் பத்தியில் வைத்து, எந்தெந்தப் பொருளில் சில்லறை கீழே போகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பொருள்களை மட்டும் ஆஃபரிலிருந்து எடுத்துவிடலாம், இல்லையென்றால் பார்ட்டிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

செட்டாக வாங்க முடியவில்லை, சேர்த்து எடுத்தால் விலை குறையவில்லை

இங்கே செட்டிங்கில் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இது தளத்தின் எல்லை.

பனியன் தொழிலில் ஒரு செட் என்றால் ரேஷியோ. எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று, மொத்தம் ஆறு பீஸ். ஷாப்பிஃபையில் குறைந்தபட்ச அளவு, ஆறு ஆறாகக் கூட்டும் விதி எல்லாம் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு வேரியன்டுக்கும் (ஒரு கலரில் ஒரு சைஸ்) தனியாகத்தான் பொருந்தும். "ஆறின் மடங்கு" என்று விதி போட்டால் எஸ் ஆறு, எம் ஆறு, எல் ஆறு, எக்ஸ்எல் ஆறு என்று 24 பீஸ் எடுக்க வேண்டி வரும். ஓரச் சைஸ்கள் இரண்டும் பார்ட்டியின் அலமாரியில் தங்கிவிடும். அடுத்த முறை அவர் உங்களிடம் வர மாட்டார்.

அளவுக்கேற்ற விலைக் குறைப்பும் இப்படித்தான். 24 பீஸ் முதல் ரூ.210, அதற்குக் கீழே ரூ.230 என்று போட்டிருக்கிறீர்கள். பார்ட்டி எல் சைஸில் நேவி ஆறு, கறுப்பு ஆறு, மெரூன் ஆறு, கிரே ஆறு எடுக்கிறார். நமக்கு அது 24. தளத்துக்கு அது நான்கு தடவை ஆறு. நான்குக்கும் ரூ.230 போட்டுவிடும், பார்ட்டிக்கு ரூ.480 கூடுதல். ஒரே கலரில் ஒரே சைஸில் 24 எடுத்தால்தான் அவருக்கு ரூ.210 கிடைக்கும். அப்படி யாரும் எடுப்பதில்லை.

குறைந்தபட்சம் 10, ஆறின் மடங்கு என்று போட்டு "சேமிக்க மாட்டேன் என்கிறது" என்று சிலர் கூப்பிடுவார்கள். குறைந்தபட்சமும் அந்த மடங்கில்தான் இருக்க வேண்டும். 12 போடுங்கள், போதும்.

சரி, வழி என்ன? செட்டையே ஒரு தனிப் பொருளாக ஆக்குவதுதான் நான் செய்து பார்த்ததில் கடைசி வரை தாங்குகிறது. "ரவுண்ட் நெக், நேவி, 6 பீஸ் செட் (பீஸ் ரூ.210)" என்று தலைப்பு, விலை ரூ.1,260, அதற்கென்று தனி எண். பீஸ் விலையைத் தலைப்பிலேயே போடுவது முக்கியம், ஏனென்றால் பார்ட்டி மனதில் ஓடுவது பீஸ் கணக்குதான். இந்தப் பொருளைச் சில்லறைப் பக்கத்தில் காட்டாமல் கேட்டலாக்கில் மட்டும் வையுங்கள்.

ஸ்டாக்தான் இதில் கஷ்டம். தளத்தைப் பொறுத்தவரை செட் வேறு, பீஸ் வேறு. செட் ஒன்று விற்றால் எம் சைஸில் இரண்டு குறையாது. இதை மென்பொருளில் தீர்க்கப் பார்ப்பதைவிட குடோனில் தீர்ப்பது நல்லது. ஒரு கம்பெனியில் இப்படிச் செய்தோம்: ரேஷியோப்படி அடுக்கிய ஆறு பீஸையும் ஒரே பாலிதீன் கவரில் போட்டு, மேலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, இடதுபக்க ரேக்கில். உதிரி பீஸ் எல்லாம் வலதுபக்க ரேக்கில், ஸ்டிக்கர் இல்லாமல். சில்லறைக்குச் சரக்கு பற்றாதபோது ஒரு கவரைப் பிரித்தால், பிரித்தவர் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து சுவரில் தொங்கும் நோட்டு அட்டையில் ஒட்டுவார். சாயங்காலம் அட்டையில் எத்தனை ஸ்டிக்கர் இருக்கிறதோ அத்தனை செட்டைத் தளத்தில் கழித்து, பீஸ்களைக் கூட்டிவிடுவோம். படிக்கத் தெரியாத பேக்கிங் அக்காவும் தப்பில்லாமல் செய்கிற முறை அது.

கலர் கலந்து எடுப்பதற்கு விலை குறைக்க வேண்டுமானால், வூகாமர்ஸில் கலந்து எண்ணிக் கணக்கிடும் விலை பிளக்கின்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குங்கள் என்று நான் தயங்காமல் சொல்வது இதற்கு மட்டும்தான். ஷாப்பிஃபையில் பெரிய பார்ட்டிகளுக்கு ரூ.210 கேட்டலாக், சிறிய பார்ட்டிகளுக்கு ரூ.230 கேட்டலாக் என்று ஆள் பார்த்துப் பிரித்துவிடுங்கள். நேரில் வியாபாரம் செய்யும்போதும் அப்படித்தானே ரேட் சொல்கிறோம்.

பில்லில் வரி தப்பாக வருகிறது

நான்கு வகைத் தப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

வரியே இல்லாமல் பில் வந்தால்: பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்ட ஊழியர், பக்கத்தில் இருக்கும் "வரி வசூலிக்க வேண்டாம்" என்பதையும் தேர்வு செய்திருப்பார். இந்த வசதி அமெரிக்காவை மனதில் வைத்தது. அங்கே மறுவிற்பனைக்கு வாங்கும் கடைக்காரருக்கு விற்பனை வரி கிடையாது. நம் ஊரில் ஜிஎஸ்டி பதிவு உள்ள பார்ட்டிக்கும் வரி போட்டே ஆக வேண்டும், அவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள். எண்ணையும் சரிபாருங்கள்: 15 எழுத்துகள், முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29.

பீஸுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்றால்: சில்லறை விலை வரி உட்பட, மொத்த விலை வரி தனி. இது நம் வழக்கம். வூகாமர்ஸிலோ "விலையை வரியோடு உள்ளிடுகிறேன்" என்பது கடை முழுவதற்கும் ஒரே தேர்வு. மொத்த விலைக் கட்டத்தில் 210 என்று போட்டால் வரியும் அதற்குள்ளேயே என்று எடுத்துக்கொள்ளும். 5% கழித்து உங்களுக்கு வருவது ரூ.200. ஐந்நூறு பீஸில் ஐயாயிரம் ரூபாய் போகிறது. மொத்த விலையையும் வரி சேர்த்து 220.50 என்று உள்ளிடுங்கள். காட்டும்போது வரி நீக்கிக் காட்ட பிளக்கினில் வழி இருக்கிறதா பாருங்கள்.

விகிதமே மாறி வந்தால்: 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடையில் ஒரு பீஸின் விற்பனை மதிப்பு ரூ.2,500 வரை 5%, அதைத் தாண்டினால் 18%. ஒரே ஜாக்கெட்டைச் சில்லறையில் வரி நீங்கலாக ரூ.2,800-க்கு விற்றால் 18%, பார்ட்டிக்கு ரூ.1,900-க்குக் கொடுத்தால் 5%. தளமோ வரி வகுப்பைப் பொருளோடு ஒட்டி வைத்திருக்கிறது, விலையோடு அல்ல. அதனால் பார்ட்டிக்கும் 18% போட்டுவிடும். மொத்த விற்பனைக்கென்று தனிப் பொருளாக உருவாக்கி 5% வகுப்பு கொடுப்பதே வழி. செட்டாக ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தால் இந்த வேலை பாதி முடிந்தது. ஆனால் கவனம், 2,500 என்பது பீஸுக்குத்தான். செட் விலை அதைத் தாண்டுகிறதே என்று பார்த்து 18% வகுப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

கோயம்புத்தூர்ப் பார்ட்டிக்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) வந்தால்: பில் கோயம்புத்தூருக்கு, சரக்கு அவர் சொன்னபடி பாலக்காட்டில் இன்னொரு கடைக்கு. இப்படிப்பட்ட விற்பனையில் வரிக்கான இடம் பில் வாங்குபவரின் இடம்தான் என்கிறது ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10(1)(பி) பிரிவு. அப்படியானால் தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் வர வேண்டும். தளம் டெலிவரி முகவரியைப் பார்த்து ஐஜிஎஸ்டி போடுகிறது. வூகாமர்ஸில் பில் முகவரிப்படி வரி கணக்கிடு என்று மாற்றலாம், ஆனால் அது சில்லறைக்கும் சேர்த்து மாறும். மாதத்துக்கு இரண்டு மூன்று பில்தான் இப்படி என்றால் அவற்றை மட்டும் டேலியில் (கணக்கு மென்பொருள்) கையால் போடுவது மேல். சொல்லப்போனால் பார்ட்டிகளுக்கான சட்டப்படியான பில் எல்லாமே டேலியிலிருந்து போவதுதான் நல்லது. ஆன்லைன் கடை ஆர்டர் எடுக்கட்டும், அது போதும்.

ஆர்டர் தானாகக் கேன்சல் ஆகிறது, அல்லது கடன் எல்லை மீறிப் போகிறது

பார்ட்டி ஆர்டர் போட்டார், ஒரு மணி நேரத்தில் கேன்சல் என்று மெயில் வந்தது. வூகாமர்ஸில் "ஸ்டாக்கைப் பிடித்து வைக்கும் நேரம்" என்று ஒரு கட்டம் உண்டு, ஆரம்பத்தில் 60 நிமிடம் என்று இருக்கும். பணம் வராமல் காத்திருக்கும் ஆர்டரை அந்த நேரம் முடிந்ததும் ரத்து செய்துவிடும். பார்ட்டிகளை நேரடி வங்கிப் பரிமாற்ற முறையில் ஆர்டர் போட வையுங்கள். அந்த ஆர்டர் "நிறுத்தி வைப்பு" நிலைக்குப் போகும், ஸ்டாக்கும் குறையும், இந்தக் கடிகாரம் அதைத் தொடாது.

ஷாப்பிஃபையில் பிரச்சினை தலைகீழ். ஆர்டரை வரைவாக எடுத்துப் பார்த்துவிட்டு உறுதி செய்யலாம் என்று வைத்திருப்பீர்கள். வரைவு ஆர்டர் தானாக ஸ்டாக்கைப் பிடிக்காது. நீங்கள் பார்ப்பதற்குள் சில்லறையில் விற்றுவிடும். வரைவைத் திறந்தவுடன் பொருள்களை ஒரு தேதி வரை ஒதுக்கி வைக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள்.

கடன் விஷயத்தில் இந்த வசதிகளுக்கு நாள் தெரியும், தொகை தெரியாது. 30 நாள், 45 நாள் என்று வைக்கலாம். இரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும் பார்ட்டிக்கு அடுத்த ஆர்டரை நிறுத்து என்று சொல்ல முடியாது. அதற்காகவே எல்லாக் கடன் பார்ட்டி ஆர்டரையும் வரைவாக எடுக்கச் சொல்கிறேன். டேலியில் பாக்கியைப் பார்த்துவிட்டு ஒருவர் உறுதி செய்யட்டும். பட்டியலில் 60, 90 நாள் இருக்கிறதே என்று வைத்துவிடாதீர்கள். நீங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பது 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம். அது உங்களுக்கான பாதுகாப்பு, நீங்களே விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பார்ட்டி மூன்று பில்லுக்குச் சேர்த்து ஐம்பதாயிரம் போடுவார். அதை எந்த ஆர்டரில் வரவு வைப்பது என்று தளத்தில் தேடாதீர்கள். லெட்ஜர் டேலியில் இருக்கட்டும். பில் முழுதாகத் தீர்ந்ததும் தளத்தில் "பணம் வந்தது" என்று குறித்தால் போதும்.

செக்கவுட்டில் கூரியர் கட்டணம் ஆயிரக்கணக்கில் காட்டுகிறது

சில்லறைக்கு வைத்த எடைக் கணக்கு 60 கிலோ பேலுக்கும் (சரக்கு மூட்டை) ஓடுகிறது. பார்ட்டிக்குச் சரக்கு லாரி பார்சலில் போகிறது, வாடகை டு-பே, இறக்கும்போது அவரே கட்டிக்கொள்வார். ஷாப்பிஃபையில் எடை வரம்பு வைத்து, 20 கிலோவுக்கு மேல் "லாரி பார்சல், டு-பே, ரூ.0" என்று ஒரு கட்டணம் சேருங்கள். பழைய கூரியர் கட்டணத்தை 20 கிலோவோடு நிறுத்துங்கள்.

வூகாமர்ஸில் பலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "லோக்கல் பிக்கப்" முறையின் பெயரை "லாரி டு-பே" என்று மாற்றிவிடு. செய்யாதீர்கள். லோக்கல் பிக்கப் என்றால் சரக்கைக் கடையில் வந்து எடுப்பதாக அது நம்புகிறது, வரியையும் உங்கள் கடை முகவரிக்கே கணக்கிடும். பெங்களூருப் பார்ட்டிக்கு ஐஜிஎஸ்டி போய் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வந்து நிற்கும். அதற்குப் பதில் "இலவச டெலிவரி" முறையைக் குறைந்தபட்சத் தொகையோடு சேர்த்து, அதன் பெயரை மாற்றுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பார்ட்டி ஆன்லைனில் ஆர்டரே போடுவதில்லை

இதையும் ஒரு கோளாறாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டலாக்கைப் பார்க்கிறார், லாகின் ஆகிறது, கடைசியில் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். "நேவி 4 செட், கறுப்பு 6, மெரூன் வேண்டாம், போன தடவ மாதிரியே 2 கிரே." அவர் மேல் தப்பில்லை. நாற்பது பொருளுக்கு நாற்பது பக்கம் திறந்து மூடுவதைவிட இது வேகம். ஒரே பக்கத்தில் எல்லா வேரியன்டுக்கும் அளவு போடும் விரைவு ஆர்டர் பட்டியல் உங்கள் தீமில் (கடையின் தோற்ற அமைப்பு) இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள், கொஞ்சப் பேர் மாறுவார்கள்.

மாறாதவர்களை மாற்ற முயல வேண்டாம். சீட்டு வந்ததும் உங்கள் ஊழியர் அந்தப் பார்ட்டியின் பெயரிலேயே வரைவு ஆர்டர் போடட்டும், கேட்டலாக் விலை தானாக வரும். "போன தடவ மாதிரி" என்பதைப் பழைய ஆர்டரில் பார்த்துக்கொள்ளலாம். பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, மொத்தத் தொகையோடு வரைவின் படத்தை அதே வாட்ஸப்பில் திருப்பி அனுப்புங்கள். "ஓகே" என்று பதில் வந்ததும் உறுதி செய்து, குடோனுக்குச் சொல்லுங்கள்: நேவி நாலு கவர், கறுப்பு ஆறு, கிரே ரெண்டு.